லினக்ஸ் விற்பவர்கள் எதை எண்ணி பில் போடுகிறார்கள்?

லினக்ஸ் இலவசம்தானே, இதில் விலை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசு மென்பொருளுக்கு இல்லை. பல வருடங்களுக்கு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தவறாமல் வரும், சிக்கல் என்றால் கூப்பிட ஆள் இருக்கும், அதற்குத்தான். ரெட் ஹாட், உபுண்டுவைத் தரும் கனானிக்கல், சூசே ஆகிய மூன்று நிறுவனங்களும் விற்பது இதைத்தான். எதை எண்ணி பில் போடுகிறார்கள், இலவசம் எந்த இடத்தில் முடிகிறது, இந்த இரண்டில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

சர்வரில் லாகின் செய்தாலே இது தெரிந்துவிடும். பதிவு செய்யாத ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் அப்டேட் இறக்கும் டிஎன்எஃப் கட்டளை கொடுத்தால், இந்த மெஷின் பதிவாகவில்லை என்று சொல்லிவிடும். அப்டேட் எதுவும் இறங்காது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸில் வழக்கமான அப்டேட் எல்லாம் இறங்கும். கனானிக்கலின் சந்தாவான புரோவை இயக்கினால் இன்னும் இத்தனை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று ஒரு வரி மட்டும் திரையில் எட்டிப் பார்க்கும். அங்கே வாசலிலேயே டிக்கெட். இங்கே உள்ளே உட்கார வைத்துவிட்டு மெல்லப் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

ரெட் ஹாட் எண்ணுவது பிராசசர் பொருத்தும் சாக்கெட்டை. ஒரு சந்தா இரண்டு சாக்கெட் உள்ள ஒரு சர்வருக்கு, அல்லது இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்கு (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினி). ஸ்டாண்டர்ட் சந்தாவின் பட்டியல் விலை பல ஆண்டுகள் 799 டாலராக இருந்தது. கனானிக்கல் எண்ணுவது இரும்புப் பெட்டியை: சர்வர் ஒன்றுக்கு வருடம் 500 டாலர், அதற்குள் எத்தனை விர்ச்சுவல் மெஷின் ஓடினாலும் அதே விலை.

ஒரே சர்வரில் 20 விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது என்று வையுங்கள். 799 டாலர் கணக்கில் பத்து சந்தா, 7,990 டாலர். உபுண்டுவில் 500. ஆனால் இந்த ஒப்பீடு முழு நியாயம் இல்லை. 799-ல் ஆதரவும் அடக்கம். 500-ல் அது கிடையாது, தனியாக வாங்க வேண்டும். தவிர, இப்படி நெருக்கமாக ஓட்டுபவர்களுக்கென்றே விர்ச்சுவல் மெஷினை எண்ணாத சந்தா ஒன்றையும் ரெட் ஹாட் வைத்திருக்கிறது. அது தெரியாமல் பத்து சந்தா வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

அப்படியும் ரெட் ஹாட்டை ஏன் வாங்குகிறார்கள்? சான்றிதழ். மேலே ஓடும் வணிக மென்பொருளை விற்றவர், இந்த லினக்ஸில் ஓடினால்தான் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு வரிக்கு முன்னால் விலைப் பேச்சு எடுபடாது. 2019-ல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட்டை வாங்கியதிலும் இந்தப் பிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இலவச எல்லை விஷயத்தில் ரெட் ஹாட் செய்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ரெட் ஹாட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ்ஸை 2014-ல் தன் குடைக்குள் கொண்டுவந்தது. 2029 வரை ஓடவேண்டிய சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 இறுதியோடு முடிப்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. தனி நபர்களுக்கு 16 மெஷின் வரை இலவசம் என்று அடுத்த மாதமே சொன்னது உண்மைதான். ஆனால் 2023-ல் எண்டர்பிரைஸ் பதிப்பின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதையும் நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றாக்கியது. சட்டத்துக்கு உட்பட்டே இதைச் செய்ததாக ரெட் ஹாட் சொல்கிறது, சரி. ஆனால் அந்த 2029-ஐ நம்பித் திட்டம் போட்டவர்கள் அல்மா, ராக்கி என்று வேறு இலவச மாற்றுகளைத் தேடி அலைந்தார்கள்.

கனானிக்கல் எதிர்த்திசையில் போனது. 2022-ல் உபுண்டு புரோவை ஐந்து மெஷின் வரை இலவசமாக்கியது. எல்டிஎஸ்ஸுக்கு ஐந்து வருட அப்டேட் எப்படியும் உண்டு. புரோ அதைப் பத்தாக நீட்டி, சமூகம் பராமரிக்கும் யுனிவர்ஸ் தொகுப்பிலுள்ள ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களுக்கும் பேட்ச் தருகிறது. வீட்டில் பழகியவர் ஆபீசிலும் இதையே கேட்பார் என்ற கணக்குதான், தர்மம் ஒன்றும் இல்லை.

சூசே வலுவாக இருப்பது சேப் (SAP) என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் ஓடும் இடங்களில். அதன் சாமர்த்தியமான சரக்கு, லிபர்ட்டி லினக்ஸ் என்ற பெயரில் வந்தது: உங்கள் ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் மெஷின்களைக் கழற்ற வேண்டாம், ஆதரவை மட்டும் எங்களிடம் வாங்குங்கள் என்கிறது. ஆரக்கிளும் 2006-லேயே ரெட் ஹாட் மூல நிரலை வைத்து, ரெட் ஹாட்டைவிடக் குறைந்த விலையில் ஆதரவு விற்கக் கிளம்பியதுதான்.

சான்றிதழ் கேட்கும் மென்பொருள் இல்லாத, பத்துப் பதினைந்து மெஷின் உள்ள இடம் என்றால் நான் உபுண்டுவில் தொடங்கி, ஐந்தாவது வருடம் நெருங்கும்போதுதான் புரோவைப் பற்றி யோசிப்பேன்.