தோளில் தட்டும் மேலாளரா, சுமையை இறக்கும் மேலாளரா?

"எங்க மேனேஜர் தங்கமானவர்" என்று யாராவது சொன்னால், நான் கேட்பது ஒன்றுதான்: அவரிடம் பேசிவிட்டு வந்த பிறகு உங்கள் வேலை கொஞ்சமாவது குறைந்ததா? பலரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆதரவான தலைமை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் காதுகொடுப்பவர். குடும்பம், உடல்நலம் எல்லாம் விசாரிப்பார், "பார்த்துக்கலாம்" என்பார். மனம் லேசாகும். இருக்கைக்குத் திரும்பினால் அதே ஐந்து வேலைகள், அதே கெடு. இன்னொருவர் அதிகம் பேசமாட்டார். ஐந்தில் எது அவசரம், எதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பிரித்துக் கொடுப்பார். கெடுவைத் தள்ளிவைக்க மேலிடத்தில் மல்லுக்கு நிற்பார். எப்படிச் செய்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுவார்.

என் ஓட்டு இரண்டாமவருக்கு. வேலைச்சுமை கூடி, முடிவெடுக்கும் உரிமை குறையும் இடத்தில்தான் அழுத்தம் மிகும் என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். 1985-இல் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களுடன் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்விலும், தன் வேலைமீது பிடி இல்லாதவர்களிடம் இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அந்தப் பிடியைத் தருவது இரண்டாமவர்தான். ஆனால் வீட்டில் இழவு விழுந்த வாரத்தில் வேலைப்பட்டியலோடு வந்து நிற்பவரும் அவராகவே இருக்கக்கூடும். அன்று முதலாமவர் வேண்டும்.

கண்டிப்பானவரை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஒரு லாரி ஆலையின் மேற்பார்வையாளர்களை வைத்து ஆய்வாளர்கள் ஃபிளீஷ்மனும் ஹாரிசும் 1962-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது: தொழிலாளர்மீது அக்கறை காட்டிய மேற்பார்வையாளர் கெடுபிடியைக் கூட்டியபோதும் புகார்கள் பெரிதாக ஏறவில்லை. அக்கறை இல்லாதவரிடமோ, கெடுபிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார்கள் குவிந்தன.

"உங்க இஷ்டம், நான் தலையிடமாட்டேன்" என்கிற ரகம் பார்வைக்குச் சுதந்திரம் போலத் தெரியும். யார் எதைச் செய்வது என்ற குழப்பமும் சக ஊழியர் சண்டையும் அங்கேதான் முளைக்கும்.

இரண்டாமவரிடம் ஒரு சிக்கல் உண்டு. கீழே இறங்கும் சுமையில் பாதியை அவரே தாங்கிக்கொள்கிறார். அவருக்கு மேலே காதுகொடுப்பவர் மட்டுமே இருந்தால், ஓரிரு ஆண்டுகளில் முதலில் ராஜினாமா எழுதுபவர் அவராகத்தான் இருப்பார்.