தூரத்து ரவுட்டருக்கு எது தோது: மைக்ரோடிக்கா, ஓப்பன் டபிள்யூஆர்டியா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு படிப்பகத்தின் மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரையும் நான்தான் பார்க்கிறேன். ஒருநாள் இரவு, அதன் ஃபயர்வோலில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவுசெய்யும் காவல்), ரவுட்டருக்கே வரும் பக்கற்றுகளுக்கான (தரவுத் துண்டுகள்) இன்புட் பட்டியலில் 'மற்ற எல்லாவற்றையும் தடு' என்ற விதியைச் சேர்த்தேன். கடைசியில் இருக்க வேண்டிய விதி முதலாவதாகப் போய் உட்கார்ந்துவிட்டது. தூரத்திலிருந்து உள்ளே போக நான் பாவிக்கும் வயர்கார்ட் விபிஎன் இணைப்பு அந்தக் கணமே அறுந்தது. ரவுட்டரைக் கடந்து போகும் பக்கற்றுகளுக்கு அந்த விதியால் தடை இல்லை. ஆனால் இணையத்தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளுக்கு ரவுட்டரே பதில் சொல்லும் அமைப்பு என்பதால் பிள்ளைகளுக்கு ஒரு பக்கமும் திறக்கவில்லை. விடிந்ததும் பரந்தன் சந்தியால் திரும்பி ஏ35 வீதியில் மோட்டார் சைக்கிளில் போய்த்தான் சரிசெய்தேன்.

அதனால் மைக்ரோடிக்கையும், பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஏற்றக்கூடிய இலவச மென்பொருளான ஓப்பன் டபிள்யூஆர்டியையும் ஒப்பிடும்போது, 'எதில் வசதி அதிகம்' என்பதைவிட, 'நான் பிழை விட்டால் எது என்னைத் திரும்ப உள்ளே விடும்' என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

இணைப்புத் தருபவர்கள் கொடுக்கும் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரும்பாலும் பாதுகாப்புக்குக் குறைவு, நடுத்தரம், உயர்வு என்று சில தெரிவுகள், போர்ட் (ஒவ்வொரு சேவைக்குமான இலக்கமிட்ட வாசல்) திறக்க ஒரு பக்கம், அவ்வளவுதான். வீட்டுக்கு அது போதும். கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்துங்கள், சிசிடிவி பெட்டியை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதெல்லாம் நேரே போய்ச் சேரும் இடம்) போடாதீர்கள்.

மைக்ரோடிக் விதிகளை மேலிருந்து கீழே வாசிக்கும். ஒரு பக்கற் எந்த விதிக்குப் பொருந்துகிறதோ, அனுமதியோ தடையோ அங்கேயே முடிவு. எதற்கும் பொருந்தாவிட்டால் உள்ளே விட்டுவிடும். இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்: வெறும் பட்டியல் என்றால் திறந்த படலை. வீட்டுப் பாவனை மாடல்களில் நல்ல விதிகள் முன்கூட்டியே இருக்கும். அவற்றை அழித்துவிட்டு ஆரம்பிப்பவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி உள்ள இடத்தில் டிஎன்எஸ்ஸை இயக்கிவிட்டு, வெளிப்பக்கம் அதற்கான 53ஆம் போர்ட்டை மூடாமல் விட்டால், யாரோ ஒருவரைத் தாக்க உங்கள் ரவுட்டரைப் பாவிப்பார்கள், டேட்டாவும் கரைந்துபோகும். 2018இல் வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் நிர்வாக வசதியில் இருந்த ஓட்டையால் உலகம் முழுக்க ஏராளமான மைக்ரோடிக் ரவுட்டர்கள் பிடிபட்டதும், அதன் 8291ஆம் போர்ட் வெளியே திறந்து கிடந்ததால்தான்.

ஓப்பன் டபிள்யூஆர்டி வலயங்களாக யோசிக்கும். லேன் உள்வீடு, வான் வெளித்தெரு. தெருவிலிருந்து தானாக வருவது ஆரம்பத்திலேயே மறுக்கப்படும். நீங்கள் எழுதுவது விதிவிலக்குகளை மட்டும். 2022இல் வந்த 22.03 பதிப்பிலிருந்து உள்ளே ஓடுவது என்எஃப்டேபிள்ஸ் என்ற லினக்ஸ் வடிகட்டி. ஐபி வகையைக் குறிப்பிடாமல் எழுதினால் ஒரே விதி பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6 என்ற இரண்டு முகவரி வகைகளுக்கும் செல்லும். மைக்ரோடிக்கில் ஐபிவி6க்குத் தனிப் பட்டியல். அதை மறந்தால் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான். புதிதாகப் படிக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு இதனால்தான் ஓப்பன் டபிள்யூஆர்டியைச் சொல்கிறேன். கரைச்சல் என்றால் பொருத்தமான மாடலைத் தேடுவதுதான். கடையில் கிடைக்கும் 4ஜி பெட்டிகள் பலவற்றில் இது ஏறாது.

சரி, திரும்பி வரும் வழி? ஓப்பன் டபிள்யூஆர்டியின் லூசி என்ற நிர்வாகப் பக்கத்தில் மாற்றத்தைச் சேமித்த பிறகு உங்கள் உலாவியால் ரவுட்டரைத் தொட முடியாவிட்டால், சிறிது நேரத்தில் பழைய அமைப்புக்கே தானாகப் போய்விடும். நீங்கள் எதையும் அழுத்தி வைக்கத் தேவையில்லை. மைக்ரோடிக்கில் இதற்கான சேஃப் மோடை நீங்களே அழுத்த வேண்டும். அழுத்தியிருந்தால், இணைப்பு அறுந்து சில நிமிடங்களில் செய்ததெல்லாம் கழன்றுவிடும். நான் அன்று அழுத்தவில்லை. நூறு மாற்றங்களைத் தாண்டினால் அதுவும் கைவிட்டுவிடும். சிறிது சிறிதாகச் செய்வதுதான் நல்லது. பக்கத்தில் இருந்தால் மட்டும் மைக்ரோடிக் ஒரு படி மேல்: ஐபி முழுவதும் அடைபட்டாலும் கேபிளைக் குத்தி, மேக் முகவரியால் (ரவுட்டரின் வன்பொருள் முகவரி) வின்பாக்ஸில் நுழையலாம்.

இவ்வளவு சொல்லியும் படிப்பகத்தில் இன்றும் இருப்பது மைக்ரோடிக்தான். காரணம் மின்சாரம். அங்குள்ள ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3 மாடல் 8 முதல் 30 வோல்ட் வரை எடுக்கும். இன்வேர்ட்டர் இல்லாமல் 12 வோல்ட் பற்றரியில் நேரே கொழுவியிருக்கிறோம். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பிள்ளைகளின் வகுப்பு நிற்பதில்லை.