இசட்ரேம்-டூல்ஸ்: 2 ஜிபி கணினிக்குக் கொஞ்சம் மூச்சு

டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய கோர் 2 டுயோ மடிக்கணினி, 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். பிரௌசரில் நாலைந்து டேப் திறந்ததும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது. இதற்கு இசட்ரேம்-டூல்ஸ் தொகுப்பு நல்ல வைத்தியம். ரேம் நிரம்பும்போது டிஸ்குக்குப் போகவேண்டிய நினைவகத் துண்டுகளை, அதாவது ஸ்வாப் பக்கங்களை, சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். இசட்ரேம் என்ற அந்த வித்தை 2014-இல் வந்த 3.14 முதலே லினக்ஸின் மையமான கெர்னலில் உண்டு. பூட் ஆகும்போது அதை முடுக்கிவிடுவதுதான் இந்தத் தொகுப்பின் வேலை.

நிறுவினால் மட்டும் போதாது. இடிசி கோப்புறைக்குள் டீஃபால்ட் கோப்புறையில் உள்ள இசட்ரேம்ஸ்வாப் கோப்பைத் திறந்து, அல்கோ (சுருக்கும் முறை) வரியில் இசட்எஸ்டிடி, பெர்சென்ட் (ரேமில் எத்தனை சதவீதம்) வரியில் 50 என்று கொடுங்கள். வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஹாஷ் குறியை அழிக்க மறந்தால் எதுவும் மாறாது. பலரும் சறுக்குவது இங்கேதான். 50 என்றதும் பாதி ரேம் பறிபோகும் என்று பயப்பட வேண்டாம். சுருக்குவதற்கு முந்தைய அளவுக்கான உச்சவரம்பு அது. காலியாக இருக்கும்வரை ஏறக்குறைய இடமே பிடிக்காது.

இசட்ரேம்ஸ்வாப் சேவையை ரீஸ்டார்ட் செய்யுமுன் பிரௌசரை மூடிவிடுங்கள். இசட்ரேமுக்குள் இருப்பதெல்லாம் விரிந்து ரேமுக்குத் திரும்பவேண்டும். இடமில்லாவிட்டால் கணினி திணறும். ஸ்வாப்பிலிருந்து ஒரே முறையில் எத்தனை பக்கம் படிப்பது என்பதைத் தீர்மானிக்கும் பேஜ்-கிளஸ்டர் என்ற கெர்னல் மதிப்பை 3-லிருந்து 0 ஆக்குங்கள். 3 என்றால் ஒரே முறையில் 8 பக்கம் படிக்கும். டிஸ்குக்கு அது லாபம், இங்கே வீண் வேலை. ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸை 60-லிருந்து 100 ஆக்கலாம்.

இசட்எஸ்டிடி பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும். புராசஸர் மிகவும் சோனியாக இருந்தால் எல்இசட்4 என்ற சுருக்கும் முறை மேல். சுருக்கம் குறையும், வேகம் கூடும். ஏற்கெனவே சுருங்கிய படம், வீடியோ போன்றவற்றில் இரண்டுக்குமே பலன் சொற்பம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் இதில் நடக்காது, அதற்கு டிஸ்க் ஸ்வாப் வேண்டும். அதை முன்னுரிமை குறைவாக விட்டுவைப்பதே நல்லது. இதேபோல் பக்கங்களைச் சுருக்கும் இன்னொரு கெர்னல் வசதியான இசட்ஸ்வாப் ஓடினால் நிறுத்துங்கள். பக்கங்களை அது முதலில் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்கிலிருந்து படித்ததை ரேமில் வைத்திருக்கும் கேஷைக் காலிசெய்து 'ரேமை மீட்கும்' ஸ்கிரிப்டுகளை இதோடு சேர்க்காதீர்கள். நினைவக நிலையைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் பார்க்கவேண்டியது அவெய்லபிள் பத்தி. கேஷில் இருப்பது தேவைப்பட்டதும் தானே விடுபடும். துடைத்தால் டிஸ்கை மறுபடி படிக்கவேண்டி வரும்.

இன்டெல் 945 சிப்செட் போர்டில் 4 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் தெரிகிறதா? அந்த மிச்சத்தை இசட்ரேமும் மீட்காது, 32-பிட் லினக்ஸில் 4 ஜிபிக்கு மேலான முகவரிகளை எட்டவைக்கும் பிஏஇ கெர்னலும் மீட்காது. 4 ஜிபி முகவரிக்கு மேலே போகும் வழி அந்தச் சிப்செட்டிலேயே கிடையாது.