கம்ப்யூட்டர் மொய் வைக்கலாமா? பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையைச் சாய்த்ததிலிருந்து தள்ளிக்கொண்டே போன மொய் விருந்தை (கறிச்சோறு போட்டு, வருகிறவர்கள் வைக்கும் மொய்ப் பணத்தை எழுதி வாங்கி, பிறகு அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வது), இந்த ஆவணியில் பங்காளி வீடுகளோடு கூட்டாக வைத்தோம். நோட்டில் எழுத ஆள் தேடாமல், கம்ப்யூட்டர் மொய் எழுதும் குழுவைக் கூப்பிட்டோம். வீட்டுக்கு ஒரு மேசை, பணம் எண்ணும் மெஷின், ரசீது பிரிண்டர், க்யூஆர் அட்டை எல்லாம் அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள்.

வேலை சுத்தம். ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருப்பார்கள். டைப் அடித்த பையன் ஒவ்வொருவரிடமும் "எந்த வீட்டு முருகேசன்ணே?" என்று கேட்டு, கிணத்தடி வீடு, தெற்குத் தெரு என்று சேர்த்துப் போட்டான். பழைய நோட்டில் வெறும் பேரை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வயதான அம்மா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆயிரம் ரூபாயை எடுத்தார். "ஐநூறு பழசு, ஐநூறு புதுசு. பிரிச்சுப் போடு தம்பி" என்றவர், ரசீதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நகர்ந்தார். அவர் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். பழசு, அவர் காலத்தில் நாங்கள் செய்ததைத் திருப்புவது. புதுசு, இனி நாங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது. பாசத்துக்கு எதற்குக் கணக்கு என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கணக்கு இருப்பதால்தான் அந்த அம்மா யாருக்கும் கூசாமல் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். அதே ஐநூறை இனாமாகக் கொடுத்திருந்தால் எங்கள் வாசலையே மிதித்திருக்க மாட்டார். எழுதி வாங்குவதை நான் சுயநலம் என்று ஒப்பவே மாட்டேன்.

ஆனால் சாஃப்ட்வேரில் இரண்டு விஷயம் மாற வேண்டும். புயலில் எங்களோடு நின்ற சிநேகிதர் ஒருவர் "இதைத் திருப்பவும் வேணாம், எழுதவும் வேணாம்" என்று பணத்தைக் கையில் திணித்தார். கல்லாவும் பட்டியலும் ஒத்துப்போக வேண்டுமே என்று பையன் அதையும் புது மொய்யாகவே ஏற்றினான். வேறு கட்டமே இல்லை. நாளைக்கு என் பிள்ளைகள் அதைக் கடன் என்றுதானே படிப்பார்கள்? 'அன்பளிப்பு' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, திருப்பிச் செய்யாதவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் வசதி. கூடுதல் காசில்லை என்றார்கள், நாங்கள் வேண்டாம் என்றோம். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்களைப் போலவே தோப்பை இழந்தவர்கள். நாம் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பட்டியல் போதும்.

கறிச் செலவோடு பார்த்தால் கட்டணம் பெரிதில்லை. கூப்பிடுகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: ரசீது பிரிண்டரில் வரும் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும். முழுக் கணக்கையும் சாதாரணத் தாளில் அச்சடித்து, பைண்டு செய்து கேளுங்கள். பென்டிரைவிலும் ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.