எந்த வாளி, தாத்தா? முதியோர் ஞாயிறுக்குச் சமைத்த பாளையங்கோட்டை மாஸ்டர்

எங்கள் சபையில் 75 வயது தாண்டியவர்களுக்கென்று வருஷத்தில் ஒரு ஞாயிறு உண்டு. அக்டோபர் 1-ஐ உலக முதியோர் தினமாக ஐ.நா. 1990-ல் அறிவித்தது. அதையொட்டி வரும் ஞாயிற்றை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆராதனை, நீளமான வாழ்த்துரை, பொன்னாடை, அப்புறம் கையில் ஒரு லெமன் சாதப் பொட்டலம். இதுதான் வழக்கம். பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஆச்சி என்ன செய்வார் என்று போர்த்துகிறவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டிவியை மூடி வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் பொட்டலம் வேண்டாம், பந்தி போடுவோம் என்று முடிவானது. பொறுப்பு என்னிடம் வந்தது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் கொடுத்தோம். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான்.

கமிட்டி கொடுத்தனுப்பிய பட்டியலில் காரம் குறைவு, எண்ணெய் குறைவு, ஆட்டுக்கறி வேண்டாம் என்றெல்லாம் இருந்தது. வயசானவர்கள் கொஞ்சம்தான் சாப்பிடுவார்கள், 85 பேருக்கு 60 இலை போதும் என்று பொருளாளர் கணக்கும் போட்டிருந்தார். மாஸ்டர் அதை வாசித்துவிட்டு, "இது கோயிலுக்கா, ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி?" என்றார். பிறகு, "சாப்பிடப் போறவங்க யாரையாவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரே வந்து, வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்களோடு உட்கார்ந்துகொண்டார். அவர்கள் ஒரே குரலில் கேட்டது அசனச் சோறு. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் பண்டிகையில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, ஊரே ஒன்றாகச் சாப்பிடுவது. அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27-க்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவர்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் எடுத்து வைத்து வளர்ந்த கைகள் அவை. எந்த அண்டாவுக்கு எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகாய் என்று ஒரு ஆச்சி சொல்லச் சொல்ல, மாஸ்டர் பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இந்த மனிதரை விட்டுவிடக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

சாப்பாடு எப்படி? ஆட்டுக்கறி பிரமாதம். அதைவிடப் பிரமாதம் அதைப் பரிமாறிய விதம். எலும்பில்லாமல் சின்னதாக நறுக்கி நன்றாக வேகவைத்த கறி ஒரு வாளியில், எலும்போடு இருப்பது இன்னொரு வாளியில். பரிமாறும் பையன்கள் இலைக்கு இலை நின்று, "எந்த வாளி, தாத்தா?" என்று கேட்டார்கள். பல் இல்லாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லாத தாத்தாதான் முதலில், "எலே, எலும்பில்லாம என்னல கறி? அந்த வாளியக் கொண்டா" என்றார். நல்லி எலும்பை உள்ளங்கையில் தட்டி உறிஞ்சினார். அதற்கப்புறம் எலும்பில்லாத வாளி பாதிக்கு மேல் அப்படியே நின்றது. மீந்ததை மாஸ்டர் சாயங்காலம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரோட்டாவோடு கொடுத்தது தனிக்கதை.

கறி தொடாதவர்களுக்கு என்று வைத்த திருநெல்வேலி சொதியையும் கறி தின்றவர்கள் விடவில்லை. தேங்காயின் இரண்டாம் மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கி எலுமிச்சை பிழிவது. தலைப்பால் கொதித்தால் திரிந்துவிடும். இங்கே திரியவில்லை. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. அது இல்லாமல் சொதி போடுகிறவரிடம் தயவுசெய்து சமையலைக் கொடுக்காதீர்கள்.

நான் கவனித்த இன்னொரு விஷயம் தண்ணீர் பாட்டில். அந்தச் சின்ன பாட்டில் மூடியின் சீலைத் திருகி உடைக்க நமக்கே விரல் வலிக்கும். கை நடுங்குகிறவர்களால் முடியாது. கேட்கவும் கூச்சப்பட்டுத் தாகத்தோடே எழுந்துவிடுவார்கள். இந்தப் பையன்கள் ஒவ்வொரு பாட்டிலின் சீலையும் உடைத்து, மூடியை லேசாகத் திருகி வைத்த பிறகுதான் இலைப் பக்கத்தில் வைத்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "மாஸ்டர் அம்மாவுக்குக் கை வராது சார்" என்றான் ஒருவன்.

நேரத்திலும் கறார். மேடையில் வாழ்த்துரை பன்னிரண்டரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, மாஸ்டர் ஹால் வாசலில் கரண்டியோடு வந்து நின்று ஐயரை, அதாவது எங்கள் சபைப் போதகரை, பார்த்தார். சுகர் மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்தார். ஐயர் புரிந்துகொண்டு ஜெபத்தைச் சொல்லிவிட்டார். நடமாட முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்குப் பந்திக்கு முன்பே, பதினொன்றரைக்கெல்லாம், குழைய வடித்த சோறு தூக்குவாளிகளில் போய்விட்டது.

குறைகள் உண்டு. ரசம் வெறும் புளித்தண்ணீர். அப்பளம் நமுத்துப் போயிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவப் பாத்திரமும் செம்பும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள், மறந்துவிட்டார்கள். வாக்கர் வைத்திருப்பவர்கள் ஈரத்தரையில் குழாய் வரைக்கும் போக வேண்டியிருந்தது. பாட்டில் மூடியை யோசித்தவர்கள் இதை விட்டிருக்கக் கூடாது. இலைக்கு 280 ரூபாய் என்று பேசினோம். பில்லில் வண்டி வாடகை 1,500 தனியாக வந்தது. கேட்டதும் பாதியைக் குறைத்தார், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். கருப்பட்டிப் பாயாசம் அளவுக்கு மீறிய இனிப்பு. (இது என் கருத்து. ஆச்சிமார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.)

உங்கள் சபைக்கும் கூப்பிடுவதாக இருந்தால் டிசம்பரில் முயல வேண்டாம், கல்யாணமும் கிறிஸ்துமஸ் விருந்துமாக அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்பார். இலைக் கணக்கில் கை வைக்காதீர்கள். எங்கள் 85 இலையும் தீர்ந்து, கைபிடித்துக் கூட்டிவந்த பேரன் பேத்திகளுக்கு மறுபடி உலை வைக்க வேண்டி வந்தது. பொருளாளர் எண்பதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.