பிரேக் பேடைத் தேய்ப்பதா, மாற்றுவதா?

புது டிஸ்க், புதுப் பேட் இரண்டையும் ஒரே நாளில் மாட்டும்போதுதான் இந்தத் தலைவலி வரும். பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பர் உட்காராது, ஒரு மில்லிமீட்டர் இடிக்கும். கொஞ்சம் தேய்த்துவிட்டால் போச்சு என்று கை பரபரக்கும்.

தேய்க்கலாம்தான். அதற்கு முன் காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தில் சி-கிளாம்ப் வைத்து மெல்ல அழுத்தினால் போதும். ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்து வரும் பின் சக்கரங்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் தள்ள வேண்டும். வம்படியாக அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு கெட்டுவிடும். பேட் உட்காரும் பிராக்கெட்டில் துரு, கழற்ற மறந்த பழைய ஷிம் (பேடுக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தகடு) இவையும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் சரியாக இருந்தும் இடித்தால், அநேகமாகக் கடைக்காரர் வேறு மாடலுக்கான பேடைக் கொடுத்திருப்பார். அழுக்காக்காமல் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

பழைய வண்டி, வேறு பேட் கிடைக்கவே கிடைக்காது என்றால் தேய்க்கத்தான் வேண்டும். வீட்டில் செய்ய நான் நம்புவது கண்ணாடியும் உப்புத்தாளும். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். பேடின் உராயும் முகத்தில் சாக்பீஸால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, அந்த முகம் கீழே இருக்கும்படி எட்டுப் போடுவதுபோலத் தேய்க்க வேண்டும். கோடு எங்கே அழிகிறதோ அங்கேதான் பேட் தேய்கிறது. நம் கை ஒரு பக்கமாகவே அழுத்தும். அதனால் அவ்வப்போது பேடைத் திருப்பிப் பிடித்து, நான்கு மூலையின் தடிமனையும் வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். கை வலிக்கும், நேரம் பிடிக்கும். ஆனால் அந்த மெதுவே பாதுகாப்பு: தவறு நடந்தாலும் சிறிய அளவில்தான் நடக்கும்.

பெல்ட் சாண்டர் வேகமானது. அந்த வேகத்திலேயே ஒரு விளிம்பைக் கூடுதலாகத் தின்றுவிடும். பேட் ஆப்பு போலச் சரிந்தால் டிஸ்க்கில் முழுதாகப் படியாது, கீச்சிடும். ஆங்கிள் கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். குழி விழும், சூட்டில் பேடைப் பிணைத்திருக்கும் பிசின் கருகும். பட்டறையில் சர்ஃபேஸ் கிரைண்டர் (முகத்தை மட்டமாகத் தேய்க்கும் இயந்திரம்) இருந்தால் பேடின் இரும்புத் தகட்டைக் காந்த மேசை பிடித்துக்கொள்ளும், மட்டம் அச்சாக வரும். பேடின் தூள் கிரைண்டர் கல்லில் அடைத்துக்கொள்ளும் என்பதால் டர்னர் முகம் சுளிப்பார், நியாயம்தான்.

எந்த வழியானாலும் தூசியில் விளையாட வேண்டாம். பழைய பேடுகளில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; இந்தியாவில் அது இன்னும் முழுதாகத் தடை செய்யப்படவில்லை. பழைய பேடாக இருந்தால் தேய்க்கவே கூடாது. புதியதிலும் கம்ப்ரசரால் ஊதாமல், நல்ல மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

கணக்கும் பார்க்க வேண்டும். உராயும் பகுதி புதிதில் சுமார் 10 மி.மீ., 3 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும் என்று வைத்தால், உழைக்கப்போவது 7 மி.மீ.தான். ஒரு மில்லிமீட்டரைச் சுரண்டினால் ஏழில் ஒரு பங்கு ஆயுள் குப்பைக்குப் போகிறது. அதற்கு மேல் என்றால் நான் தொடமாட்டேன். பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது. இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவு எடுக்க வேண்டும்.

மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டனைத் தள்ளியதில் பிரேக் ஆயில் டப்பாவில் ஏறியிருக்கும். வழிந்து பெயின்டில் பட்டிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.