சிம்னியா, எக்ஸாஸ்ட் ஃபேனா? மும்பைச் சமையலறைக்கு எது சரிவரும்

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் சமையலறைக்கு உயரமான கூரை இருக்கும், ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கும். செம்பூரிலும் முலுண்டிலும் ரீடெவலப்மென்ட்டில் எழும்பிய டவர்களில் 8 அடிக்கு 7 அடி சமையலறை, ஒரே ஒரு ஸ்லைடிங் ஜன்னல். அதுவும் பல வீடுகளில் வெளியைப் பார்க்காமல், கட்டடத்துக்குள் குழாய்கள் இறங்கும் இடுக்கைப் பார்த்து நிற்கிறது. அதே மிளகாய் வற்றலை அதே எண்ணெயில் தாளித்தால் பழைய வீட்டில் இரண்டு தும்மலோடு முடிந்துவிடும். புது வீட்டில் நெடி படுக்கையறைத் திரைச்சீலை வரை போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மாடுலர் கிச்சன் போடும்போதே சிம்னியையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். எந்த பிராண்ட், எத்தனை சக்‌ஷன் என்று கேட்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அடுப்பிலிருந்து வெளிச்சுவருக்கு எவ்வளவு தூரம்? மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தத் தூரம்தான்.

நெடி போனால் போதும் என்று நினைப்பது சரியல்ல. அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. எண்ணெயே இல்லாமல் வெறும் தண்ணீர் கொதித்தாலும் கேஸ் சுடரிலிருந்து நைட்ரஜன் டையாக்சைடு வருகிறது. வீட்டில் சேரும் அளவில் அதன் வாசனை பெரும்பாலும் தெரியாது, புகையாகவும் தெரியாது. இட்லி வேகும்போதும் காற்று வெளியேற வேண்டும் என்பது அதனால்தான்.

எவ்வளவு காற்று? 8 அடிக்கு 7 அடி அறை, 9 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 14 கன மீட்டர். சமையல் நேரத்தில் மணிக்கு 15 முதல் 20 தடவை அந்தக் காற்று மாறினால் நல்லது. அதாவது மணிக்கு 210-லிருந்து 280 கன மீட்டர். சாதாரண 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனே, எதிரே தடை இல்லாத இடத்தில், இதைவிடக் கூடுதலாகவே தள்ளும். சிம்னி பெட்டியில் 1200, 1400 என்று அச்சடித்திருப்பார்கள். அளவை மட்டும் பார்த்தால் இரண்டுமே தேவைக்கு மேல்தான்.

வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அடுப்பில் எழுந்த புகை அறைக்குள் பரவி, சமைப்பவர் முகத்தைக் கடந்து, அலமாரிகளில் கொஞ்சம் படிந்த பிறகுதான் அதை எட்டும். சிம்னி அடுப்புக்கு நேர் மேலேயே புகையைப் பிடித்துவிடும். வடை, அப்பளம், மீன் வறுவல் என்று தினமும் எண்ணெய்ச் சட்டி ஏறும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது. சாம்பார், ரசம், ஒரு பொரியல் என்று போகும் வீட்டில் அவ்வளவு இல்லை.

ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேனை யாரும் மட்டமாக நினைக்கத் தேவையில்லை. 2,000 ரூபாய் சுற்றில் வந்துவிடும், 40 வாட் அளவில்தான் மின்சாரம் எடுக்கும், வெக்கையையும் ஈரத்தையும் நன்றாக வெளியேற்றும். இந்த ஊரின் மே மாதப் புழுக்கத்தில் அதுவே பாதி நிம்மதி. அதன் பலவீனம் அழுத்தம். சுவரையோ கண்ணாடியையோ தாண்டி நேராக வெளியே தள்ளினால் வேலை செய்யும். பைப் மாட்டி வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் இறக்கை சுற்றும், காற்று போகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று எதிரே அடிக்கும் மேற்குப் பக்கச் சுவரிலும் இதே கதைதான். வேறு சுவர் இருந்தால் அங்கே மாட்டுங்கள். இல்லையென்றால் வெளிப்பக்கம் மழைத் தடுப்பு மூடி கட்டாயம். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் இரும்பு உடல் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் உடலே உத்தமம். இன்னொன்று, புறா. ஃபேன் சில நாள் ஓடாமல் இருந்தால் ஷட்டருக்குள் குச்சி சேர்த்து முட்டை வைத்துவிடும். வெளியே வலை அடித்துவிடுங்கள். வலைக்கண் ரொம்பச் சிறியதாக இருந்தால் பிசுக்கில் அடைத்துக்கொள்ளும்.

சிம்னிக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் எவ்வளவு உங்களுக்குக் கிடைக்கும் என்பதை மோட்டாரைவிட, புகையை வெளியே கொண்டுபோகும் டக்ட் பைப்தான் முடிவு செய்கிறது. 6 அங்குல வாய் உள்ள சிம்னிக்கு கடைசி வரை 6 அங்குலப் பைப்பே போக வேண்டும். சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறது, ரெட்யூசர் போட்டுச் சமாளிக்கலாம் என்று மாட்ட வரும் ஆள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறுக்களவு 6-லிருந்து 4 ஆனால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரைச்சல் கூடும், இழுப்பு குறையும். ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் தின்னும். சுருக்கம் சுருக்கமாக விட்ட அலுமினியப் பைப்பில் எண்ணெய் தேங்கும். அதனால் இழுத்து நேராக்கிப் போட வேண்டும். பைப் 10 அடிக்குள், அதிகம் போனால் இரண்டு வளைவு என்றால் தைரியமாகச் சிம்னி வாங்கலாம். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஹாலைச் சுற்றிக் கொண்டுபோகும் திட்டமென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

சுவரில் ஓட்டை போட சொசைட்டியில் கேட்க வேண்டும். பீம், தூண் மேல் கை வைக்கவே கூடாது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டை மாற்றிப் பைப்பை விடுவது பெரும்பாலும் சுலபமான வழி. பைப்பின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. விடச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் புகை ஓரமாக நழுவும். இரண்டு பர்னர் என்றால் 60 செ.மீ. அகலம் போதும். மூன்று நான்கு பர்னர் அகல அடுப்புக்கு 90 வேண்டும். ஊதுபத்தி ஒன்றை ஏற்றி முன் பர்னரின் ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். புகைக்கோடு உள்நோக்கி வளைந்து ஏறினால் சரி. நேராக உங்கள் பக்கம் வந்தால் அந்த இடத்தில் பொரிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டியைப் பின் பர்னருக்கு மாற்றுங்கள். அதே ஊதுபத்தியோடு ஹால் ஜன்னலைச் சாத்தியும் திறந்தும் பாருங்கள். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் 1400 சக்‌ஷனும் திணறும். சமையலறை ஜன்னல் சிம்னிக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதைச் சாத்திவிட்டு தூரத்து ஜன்னலைத் திறப்பது நல்லது.

டக்ட் இல்லாத சிம்னியும் விற்கிறார்கள். எண்ணெயை வடிகட்டி, கரி ஃபில்டர் வழியாக நெடியைக் குறைத்து, அதே காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். வெக்கை, ஈரம், நைட்ரஜன் டையாக்சைடு எல்லாம் வீட்டிலேயே தங்கும். கரி ஃபில்டரைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் சமையலுக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஃபில்டரில் நம்மவர்களுக்கு பேஃபிள்தான், அதாவது வளைந்த தகடுகளை வரிசையாக அடுக்கிய வகை. வலை மாதிரி இருக்கும் மெஷ் ஃபில்டர் நம் தாளிப்புக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரே இல்லாத மாடல்களில் தினசரி வேலை குறைவு, ஆனால் பிசுக்கு நேராக மோட்டார் இறக்கைக்குப் போகும். ஆட்டோ க்ளீன் என்பது உள்ளே சூடேற்றி எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் இறக்குவது. டக்ட் பைப்பை அது தொடாது, பேஃபிளையும் கழுவித் தராது.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல சாதனம் வாங்கியவர்களும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் இறக்கையின் முன் விளிம்பில் தேன் நிறத்தில் பிசுக்கு திரண்டிருக்கும், அதன்மேல் தூசி ஒட்டிக் கம்பளி மாதிரி ஆகியிருக்கும். அந்தக் கனத்தில்தான் ஃபேன் உறுமுகிறது. மாதம் ஒருமுறை துடைத்தால் துணியோடு வந்துவிடும். ஆறு மாதம் விட்டால் சுரண்ட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு இறக்கையை மட்டும் கழற்றி வெந்நீரில் பாத்திர சோப்புப் போட்டு ஊற வையுங்கள், மோட்டார் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. ஸ்டீல் பேஃபிளை வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறவிட்டால் பளிச்சென்று வரும். அலுமினிய மெஷ்ஷுக்கு சோடா ஆகாது, கறுத்துவிடும். சமையல் தொடங்குமுன் ஓடவிட்டு, முடிந்தபின் பத்து நிமிடம் கழித்து அணைத்தால் படிவதே குறையும். எண்ணெய்க் கிண்ணம் நிரம்பவிடாதீர்கள். பிசுக்கேறிய ஃபில்டருக்குக் கீழே சட்டி தீப்பிடித்தால் தீ டக்டுக்குள் ஏறும்.

ஆக, வாடகை வீட்டுக்கும் 300 சதுர அடி எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வுத் திட்ட) வீட்டுக்கும் என் தேர்வு எக்ஸாஸ்ட் ஃபேன். சொந்த வீடு, குறுகிய டக்ட், தினமும் வடை, வறுவல் என்றால் பேஃபிள் சிம்னி. வசதி இருந்தால் இரண்டும் வைக்கலாம், ஆனால் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் ஒன்றின் காற்றை மற்றொன்று பிடுங்கும்.

சிம்னி வந்ததும் மேல் வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு அடைக்கிறார்கள். மஹாநகர் கேஸ் குழாய் உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். குழாய் கேஸ் லேசானது, மேலே ஏறும். கசிந்தால் அது தானாக வெளியேறும் வழி அந்த வென்டிலேட்டர்தான். கேஸ் வாடை அடித்தால் சிம்னி ஸ்விட்சையோ ஃபேன் ஸ்விட்சையோ தொட வேண்டாம், ஒரு சிறு பொறி போதும். வால்வை மூடி, ஜன்னலையும் கதவையும் கையால் திறந்துவிட்டு, வீட்டிலிருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.